பைலட்டுகளுக்கு ஒரு பேஸ்மட்டம்

விழுப்புரம் ரயில் நிலையத்தில் இறங்கியதும் நான் கேட்ட முதல் கேள்வியே தப்பு.

"அண்ணே, இங்க காடி கிடைக்குமா?" என்றேன். எங்கள் ஈப்போவில் காரைக் காடி என்றுதான் சொல்வோம்.

சிவப்புச் சட்டைப் போர்ட்டர் தலையிலிருந்த பெட்டியை இறக்காமலே என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாட்டுக்குங்களா?" என்றார்.

இங்கே காடி என்றால் மாட்டுக்கு வைக்கிற புளித்த கழுநீராம். நான் மாட்டுக்குத் தீனி தேடி வரவில்லை. வீடு தேடி வந்திருந்தேன். அதுவும் நாலு விமானிகளுக்கு.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அது எண்பதுகளின் நடுப்பகுதி. மலேசியாவில் ஒரு சின்ன விமானக் கம்பெனியில் நான் துணை விமானி. இருபது பேர்கூட உட்கார முடியாத விமானங்கள். கிழக்குக் கரைத் தீவுகளுக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு போய், வெயிலில் சிவக்கச் சிவக்கத் திருப்பிக் கொண்டுவருவது எங்கள் தொழில். ஆண்டுக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டால் தீவுகள் மூடிவிடும். விமானம் கொட்டகையில் நிற்கும், நாங்கள் வீட்டில் நிற்போம். அதனால் சீசனுக்குச் சீசன் வேறு ஏதாவது ஊரில் வேலை பிடித்து, விமானத்தையும் எங்களையும் சேர்த்து அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போய்த் தங்குகிற ஊருக்கு எங்கள் தொழிலில் 'பேஸ்' என்று பெயர்.

அந்த வருடம் புதுச்சேரியிலிருந்து பறக்க ஒரு இந்தியக் கம்பெனி எங்களை வாடகைக்குக் கேட்டது. பொங்கல் கழிந்து ஆரம்பம், சித்திரையில் முடிவு. புதுச்சேரியில் அந்தச் சமயம் தங்க இடம் கிடைக்காது, விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வீடு பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் மேலாளர் சீனர். வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். புதுச்சேரிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் அவர் சுண்டுவிரல் நகம்தான் இருந்தது. "பக்கம்தான். உனக்குத் தமிழ் தெரியுமே, நீ போ" என்றார்.

வீட்டில் கட்டாயம் டெலிபோன் இருக்க வேண்டும், பகலில் தூங்குகிற மாதிரி அமைதி இருக்க வேண்டும். சனிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும். வீடு கிடைத்தால் ஒப்பந்தம் நிற்கும், நான் விமானத்தில் துணை விமானியின் வலது பக்கச் சீட்டில் உட்காருவேன். கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் போச்சு, நான் பழையபடி சரக்குக் கிடங்கில் டயர் எண்ண வேண்டியதுதான். கிடங்கில்கூட உட்கார்ந்துவிடலாம். ஆனால் எனக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் அப்பா, "பறக்கிற மாப்பிள்ளைக்குத்தான் பொண்ணு, தரையில உட்கார்ற மாப்பிள்ளை எங்க தெருவிலயே நாலு பேர் இருக்காங்க" என்று தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த மனுஷன் விளையாட்டுக்குக்கூடச் சிரிக்கிறவர் இல்லை.

லாட்ஜில் பெட்டியை வைத்துவிட்டுப் பரோட்டா சாப்பிடப் போனேன். எங்கள் ஊர் ரொட்டி சானாய்க்குத் தொட்டுக்கொள்ளத் தனியாகப் பருப்புக் குழம்பு தருவார்கள். இங்கே தொட்டுக்கொள்ளும் பேச்சே இல்லை. பரோட்டாவைக் கல்லின் மேல் போட்டு இரண்டு கையாலும் அறைந்து, இலையில் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை வெள்ளமாக ஊற்றிவிட்டார்கள். கரையைக் கண்டுபிடிப்பதற்குள் இலை காலி. காரத்தில் எனக்கு மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர். பரிமாறியவர் பரிவோடு இன்னொரு கரண்டி சால்னா ஊற்றினார்.

என் அழுகையைப் பார்த்துத்தான் எதிரே உட்கார்ந்திருந்தவர் பேச்சுக் கொடுத்தார். பெயர் ஏழுமலை, வீட்டு புரோக்கர். வெள்ளை வேட்டி, அக்குளில் ஒரு தோல்பை. நான் விமானம் ஓட்டுகிறவன் என்றதும் அவர் பரோட்டாவை அப்படியே விட்டுவிட்டார்.

"ஏரோப்ளேனா? நெஜமாவா? நீங்களேவா ஓட்றீங்க?"

"நானேதான். எங்களுக்கு இந்தப் பக்கம் ஒரு பேஸ் வேணும்."

"பேஸ்தான? அட, நாலு எடத்துல ரெடியா இருக்குது சார். காலைல காட்றேன். நிம்மதியா துன்னுட்டுப் படுங்க."

இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம். மறுபடி ஒரு பரோட்டா சொன்னேன்.

காலையில் ஏழுமலை மொபெட்டோடு வந்தார். பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு ஊரைத் தாண்டி, ரயில் பாதையைத் தாண்டி, முள்வேலிக்குள் நுழைந்தார். அங்கே தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்குக் கருங்கல் கட்டி, உள்ளே மண் கொட்டி நிரப்பி வைத்திருந்தது. சுவர் இல்லை, கூரை இல்லை. நடுவில் ஒரு ஆடு நின்று எங்களைப் பார்த்தது.

"எப்படிக்கீது?" என்றார் ஏழுமலை பெருமையாக.

எனக்குப் புரியவில்லை. அடுத்த இடத்துக்குப் போனோம். அங்கேயும் அதே மாதிரி ஒரு மேடை, இந்தத் தடவை செங்கல். மூன்றாவது இடத்தில் மேடைக்குப் பக்கத்தில் ஒரு கொத்தனார் அளவுக் கயிறோடு எனக்குக் கும்பிடு போட்டார்.

"ஏழுமலை, வீடு எங்கே?"

"வூடா?"

"குடியிருக்கிற வீடு!"

"நீங்கதான சார் பேஸ் வேணும்னீங்க? இதான் பேஸ்மட்டம். கருங்கல்லு, ஸ்ட்ராங்கோ ஸ்ட்ராங்கு. இதும்மேல நீங்க ஏரோப்ளேனே எறக்கலாம். ஃபாரின் கம்பெனியாச்சே, மேல உங்க இஷ்டத்துக்குக் கட்டிக்குவீங்கன்னு நெனச்சேன்."

அப்புறம்தான் தெரிந்தது, இங்கே வீடு கட்டும்போது தரைக்கு மேலே முதலில் எழுப்புகிற மேடைக்குப் பேஸ்மட்டம் என்று பெயர். கையில் காசு தீர்ந்து பேஸ்மட்டத்தோடு நின்றுபோன வீடுகள் விழுப்புரத்தைச் சுற்றி எக்கச்சக்கம். அத்தனைக்கும் நான் ஒருவனே வாங்க வந்த மகராசன் என்று ஏழுமலை இரவோடு இரவாகச் சொல்லி வைத்திருக்கிறார். கொத்தனார் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாகப் போய்விட்டது.

திரும்பும் வழியில் மொபெட் இருமிவிட்டு நின்றது. பெட்ரோல் இல்லை. ஏழுமலை ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, "ஏரோப்ளேனே ஓட்றவரு, கொஞ்சம் தள்ளுங்க சார்" என்றார். தள்ளினேன். வழியில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களிடம், "பைலட்டு சார்! மலேசியா!" என்று கையைக் காட்டிக்கொண்டே வந்தார். அவர்கள் நிமிர்ந்து, வியர்த்து வழிந்துகொண்டு வண்டி தள்ளுகிற என்னைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் வியாழக்கிழமை. இந்தத் தடவை கூரை உள்ள வீடுகள். "புரோக்கர் கூட வந்தா வாடகைய ஏத்திடுவாங்க, நீங்களே போய்ப் பேசுங்க, நான் டீக்கடையில நிக்கிறேன்" என்று ஏழுமலை ஒதுங்கிக்கொண்டார்.

முதல் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். காபி கொடுத்தார். எங்கள் ஊரில் கோப்பி என்றால் கண்ணாடிக் குவளை நிறைய வரும். இங்கே ஒரு விரல் உயரம், ஆனால் குடித்ததும் காதுமடல் சூடேறியது. நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"நீங்கல்லாம் என்னா ஆளுங்க?" என்றார்.

"நல்ல ஆளுங்கதான்" என்றேன்.

"அது சரி. என்னா ஆளுங்க?"

"பைலட் ஆளுங்க."

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். அவர் சாதியைக் கேட்டிருக்கிறார் என்பது பாதித் தெரு கடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆனால் வீடு போனது அதனால் இல்லை. "எத்தினி வருஷம் இருப்பீங்க?" என்று அடுத்துக் கேட்டார். எங்கள் ஊரில் வீட்டுக்காரர்களுக்கு நீண்ட நாள் குடித்தனக்காரர் என்றால் உயிர். நான் நெஞ்சை நிமிர்த்தி, "எத்தனை வருஷம் வேணும்னாலும்! எங்களை வேற எங்கேயும் அனுப்ப மாட்டாங்க" என்று ஒரே போடாகப் போட்டேன்.

அவர் காபி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நான் இன்னும் குடித்து முடிக்கவில்லை. "தம்பி மவனுக்குக் கேட்டு வெச்சிருக்காங்க" என்று எழுந்துவிட்டார்.

இரண்டாவது வீட்டில், "பத்து வருஷம்கூட இருப்போம்" என்றேன். மருமகளுக்கு வேண்டும் என்றார்கள். மூன்றாவது வீட்டில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்களுக்கு உங்க வீடு பிடிச்சுப்போச்சு, இங்கேயே இருந்துடுவோம்" என்றேன். கதவுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நாளை மறுநாள் சனிக்கிழமை. டயர் ரப்பர் வாசனை எனக்கு இப்போதே மூக்கில் அடித்தது.

டீக்கடையில் நடந்ததைச் சொன்னேன். ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னா சார் பேஜாரு பண்ணிக்கினு இருக்கீங்க! வருஷக்கணக்குல இருப்பேன்னா எவன் சார் வூடு குடுப்பான்? குடி வந்தவன் காலி பண்ண மாட்டான். கோர்ட்டு, கேசுன்னு பத்து வருஷம் இழுப்பான். வூட்டுக்காரன் அவன் வூட்டுக்கே வெளியில நின்னுக்கினு இருக்கணும். அந்த ரயில்வேக்காரரு ஒரு கேசுல இன்னும் நடந்துக்கினு இருக்காரு."

"ஆனா நாங்க சித்திரையில போயிடுவோமே!"

"என்னாது?"

"நாலு மாசம்தான். அப்புறம் ஒரு நாள் கூட இருக்க மாட்டோம். தீவு திறந்துடும்."

ஏழுமலை டீயைக் கீழே வைத்தார். என்னையே பார்த்தார். "அடப்பாவி மனுஷா" என்றார், மரியாதையெல்லாம் போய். "தங்கத்த மடியில வெச்சிக்கினு தவிட்டுக்கு அலையிறியே! காலி பண்ற குடித்தனக்காரன்னு ஊர்ல தண்டோரா போட்டா உன்னைத் தூக்கிக்கினு போவாங்கய்யா!"

"அப்போ திரும்பப் போய்ச் சொல்லலாமா?"

"இனிமே விழுப்புரத்துல எவனும் நம்ப மாட்டான். உங்க பேரு கெட்டுப்போச்சு. திண்டிவனம் போயிடலாம்."

இரண்டு நாளில் ஒரு ஊரில் பேரைக் கெடுத்துக்கொள்ள எனக்குத் தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறினோம்.

எங்கள் நாட்டில் பஸ்ஸில் சீட்டு முடிந்தால் ஆள் முடிந்தது. இங்கே சீட்டு என்பது ஆரம்பம்தான். என் மடியில் யாரோ ஒருவருடைய அவித்த மல்லாட்டைக் கூடை வந்து உட்கார்ந்தது. வேர்க்கடலைக்கு இங்கே அதுதான் பெயர். கூடைக்காரர் என் தோளுக்கு மேல் நின்றுகொண்டு, கூலியாக ஒரு கை அள்ளிக் கொடுத்தார். உப்புப் போட்டு அவித்த மல்லாட்டைக்கு இணையாக மலேசியாவில் எதுவும் கிடையாது. வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்கிறேன். நான் பைலட் என்று ஏழுமலை அறிவித்ததும் கூடைக்காரர் குனிந்து, "கம்பளிப்பூச்சிக்கு மருந்து அடிக்கிற ஏரோப்ளேனுங்களா?" என்றார்.

"இல்லைங்க, ஆள் ஏத்துறது."

"அப்படியே ஆள ஏத்திக்கினு போறப்ப எங்க மல்லாட்டக் கொல்லி மேல கொஞ்சம் அடிச்சிட்டுப் போங்களேன்."

வழியில் டயர் வெடித்தது. எல்லாரும் இறங்கிப் புளிய மரத்து நிழலில் நின்றோம். டிரைவர், கண்டக்டர், கூடைக்காரர் எல்லாரும் சேர்ந்து சக்கரத்தை மாற்றினார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து மல்லாட்டையைத் தின்றேன்.

திண்டிவனத்தில் ஏழுமலை கூட்டிப்போன வீடு புத்தம் புதிய மாடி வீடு. மொசைக் தரை, பச்சைக் கண்ணாடி ஜன்னல். பக்கத்திலேயே ஒட்டினாற்போல ஒரு பழைய ஓட்டு வீடு. அதில்தான் வீட்டுக்கார அம்மா நூர்ஜஹான் இருந்தார். கணவர் துபாயில் ஏர்கண்டிஷன் மெக்கானிக். அவர் அனுப்பிய பணத்தில் எழுந்த புது வீடு பூட்டியே கிடந்தது. அவர் ஒரேயடியாக ஊர் திரும்பிய பிறகு சேர்ந்து குடியேறுவதாக ஏற்பாடு.

எங்களுக்காகப் புது வீட்டைத் திறந்தார். சோபாவின் மேல் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. உட்கார்ந்தால் அது கத்தியது. கறுப்பு டெலிபோன் ஒன்று கண்ணாடி அலமாரியில் பொம்மைகளோடு உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எழுந்து போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நூர்ஜஹான் அக்காவின் மாமனாரைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. ஆனாலும் அந்நிய ஆம்பிளைகள் வந்திருக்கும்போது வீட்டு ஆம்பிளை ஒருவர் இருக்க வேண்டுமே, அந்தக் கணக்குக்கு அவர் போதும். அவர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தூங்கிப்போனார்.

அக்கா முதலில் கதவுக்குப் பின்னால் நின்று பேசினார். ரவையில் முட்டையும் நெய்யும் போட்டுச் செய்த தம்ரூட் என்ற இனிப்பு வந்தது. நான் மூன்றாவது துண்டுக்குக் கை நீட்டியபோது சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டார்.

"பூட்டி வெச்சி வெச்சி வூடு வீணாப்போவுது தம்பி. பல்லிதான் குடும்பம் நடத்திக்கினு இருக்குது. வாடகைக்கு வுடலாம்னா பயம். அவரு வர்றப்ப காலி இல்லாம போயிட்டா? நீங்க போயிடுவீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஏழுமலை பாய்ந்தார். "இருக்கவே மாட்டாங்க அக்கா! அவங்க தொழிலே போறதுதான். வர்றப்பவே போறதுக்கு டிக்கெட்டு எடுத்துக்கினு வர்ற ஆளுங்க!"

"சித்திரையில போயிடுவோம் அக்கா" என்றேன். இந்தத் தடவை பொய்யே இல்லை.

"எத்தினி பேரு?"

"நாலு பேர். ஒருத்தர் ஆஸ்திரேலியா, ஒருத்தர் மலாய்க்காரர், ஒருத்தர் சீனர், அப்புறம் நான்."

"சண்ட போட்டுக்க மாட்டீங்களே?"

"பாதி நேரம் தூங்குவோம் அக்கா."

"ஒண்ணு சொல்லிடுறேன். வெள்ளிக்கிழம மத்தியானம் அவரு போன் பண்ணுவாரு. அந்த நேரம் வூட்ல நீங்க யாரும் இருக்கக் கூடாது. மேல பறந்துக்கினு இருங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் பறப்போம், தேவைப்பட்டால் விமானம் இல்லாமலே பறப்போம் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அவர், "இன்னிக்கும் வெள்ளிக்கிழமதான். ஜும்மா முடிஞ்சி கூப்பிடுவாரு. அவரு சரின்னாதான் சாவி" என்றார். நாலாவது தம்ரூட்டை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

காத்திருந்தோம். போன் அடித்தது. அக்கா அலமாரியைத் திறந்து ரிசீவரை எடுத்து, துபாய் வரைக்கும் கேட்கிற குரலில் நலம் விசாரித்தார். தெருவே நலமாகியிருக்கும். பிறகு விஷயத்தைச் சொல்லி, ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, நாலு மாசத்துல போயிடுவீங்களா?" அந்தப் பக்கத்துக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"கண்டிப்பா போயிடுவோம் அண்ணே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. ரெண்டே வருஷம், வந்துடுறேன்னு நானும்தான் சொல்லிட்டு வந்தேன். இதோ ஒம்போதாவது வருஷம் நடக்குது. சொன்ன நாள்ல எவன் தம்பி போறான்? வேணாம், நீங்க வேற எடம் பாருங்க."

வீடு போச்சு, சீட்டுப் போச்சு, ஈப்போ மாமனார் போச்சு. அந்த மனுஷன் தன்னையே சாட்சியாக வைத்துப் பேசும்போது நான் எதை வைத்து மறுப்பது? ரிசீவரை அக்காவிடம் கொடுத்தேன். ஏழுமலை தோல்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். சோபா கத்தியது.

அக்கா ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டேயிருந்தார். "ம்" என்றார். "ம்" என்றார். அப்புறம் முகம் மாறியது.

"எவ்ளோ நாள் இருப்பாங்கன்னா கேக்குறீங்க? நாலு மாசம் இருப்பாங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா நீங்க வந்து இருக்கறத விட மூணு மாசம் ஜாஸ்தி."

லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். ஏழுமலை தோல்பையை மறுபடி கீழே வைத்தார். பெரியவர் மட்டும் நிம்மதியாகக் குறட்டை விட்டார். அக்கா சுவரைப் பார்த்தபடி நின்றார், கண் நிறைந்துவிட்டது. பிறகு குரல் வந்திருக்க வேண்டும். கேட்டார், புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார், சட்டென்று சிரித்தார். ரிசீவரை வைத்தார்.

"சரின்னுட்டாரு. சித்திரையில நீங்க காலி பண்றீங்களான்னு பாக்க அவரே நேர்ல வர்றாராம்."

இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கனமாக இருந்தது. நான் ஏறக்குறைய வலது பக்கச் சீட்டில் உட்கார்ந்தே விட்டேன். "கவலைப்படாதீங்க அக்கா, சொன்ன நாளுக்கு முன்னாடியே கிளம்பிடுவோம்" என்றேன்.

அவர் சாவியைப் பாதி திரும்பப் பிடுங்கிக்கொண்டார். "அய்யய்யோ, அப்படிப் பண்ணிடாதீங்க தம்பி" என்றார். "நீங்க போயிட்டீங்கன்னு தெரிஞ்சா அவரு வர மாட்டாரு."